திரும்பிச் செல்லும் வழி

"கரண்டு வந்துவிட்டது" என்கிறோம். "கரண்டு போய்விட்டது" என்கிறோம். மழைக்கும் விருந்தாளிக்கும் வழங்கும் அதே இரு சொற்களையே மின்சாரத்திற்கும் நாம் வழங்கி வருகிறோம். அன்றாடப் பேச்சிற்கு இவை போதும். ஆயினும் இவ்விரு சொற்களும் சேர்ந்து ஓர் உண்மையை நம் கண்ணிலிருந்து மறைத்து விடுகின்றன. மின்சாரம் வந்து தங்குவதில்லை, அது சுற்றுகிறது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் செல்ல வழியிருந்தால் மட்டுமே அது ஓடும். வழி இல்லையேல் ஓடாது. இந்த ஒரு விதியை நம் இல்லத்தார் யாவரும், சிறப்பாகத் தாய்மாரும் திருவிழாக் காலங்களில் ஏணி தூக்கும் இளைஞரும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே இக்கட்டுரையை வரைகின்றோம். விளக்கை எரியச் செய்வதும் இவ்விதியே; மனிதரைக் கொல்வதும் இவ்விதியே.

சில ஆண்டுகளுக்கு முன், புதிதாய் மின் இணைப்புப் பெற்ற வீடொன்றை மந்திரிக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பாட்டி எழுத்தறியாதவர். கம்பத்திலிருந்து கூரைக்கு வரும் கம்பிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமி, தண்ணிக்கு ஒரு குழாய்தானே வருது? கரண்டுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு கம்பி?" என்று வினவினார். "ஒண்ணுல வந்தது இன்னொண்ணுல திரும்பிப் போகணுமே, பாட்டி" என்றோம். அவர் விடவில்லை. "வந்ததெல்லாம் திரும்பிப் போயிடுதுன்னா, அப்புறம் எதுக்குச் சாமி காசு கேக்குறாங்க?"

கல்லூரியில் பௌதிகம் பயின்றோர் பலரும் கேட்கத் தவறும் வினா இது. விடையைச் செக்கடியில் காணலாம். செக்கு மாடு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வருகிறது. மாலையில் எண்ணிப் பார்த்தால் மாடு குறையவில்லை. ஆனால் எள்ளிலிருந்து எண்ணெய் பிழியப்பட்டிருக்கிறது. நாம் கூலி கொடுப்பது அந்த உழைப்பிற்கு. அவ்வாறே ஒரு கம்பி வழியாக வீட்டினுள் வந்த மின்னோட்டம் சற்றும் குறையாமல் மறு கம்பி வழியாகத் திரும்புகிறது. இடையில் அது செய்த வேலைக்கே நாம் கட்டணம் செலுத்துகிறோம். 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் செய்யும் வேலையே ஒரு யூனிட். 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு அதே ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 111 மணி நேரம் எரியும்.

மின்சாரம் செல்லும் இவ்வழிக்கு நம் பாடநூல்கள் இட்ட பெயர் மின்சுற்று. மிகப் பொருத்தமான பெயர். ஆங்கிலேயர் வழங்கும் "சர்க்கியூட்" என்னும் சொல்லும் இதையே குறிக்கிறது. குருமடத்தில் நாம் உருப்போட்ட இலத்தீனில் "சிர்க்கும்" என்றால் சுற்றிலும், "ஈரே" என்றால் செல்லுதல். இரண்டும் கூடிப் பிறந்த சொல் அது.

இனி, வீட்டிலுள்ள பழைய டார்ச் விளக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாய் அமர்ந்திருக்கும். அழுத்தம் கூடி 3 வோல்ட். முன்புறம் ஒரு சிறு பல்பு. பல்புக்கு ஒரே முனைதான் உண்டெனப் பிள்ளைகள் எண்ணுவர். உற்றுப் பார்த்தால் இரண்டு தெரியும். அடியிலுள்ள ஈயப் பொட்டு ஒன்று. பக்கத்து உலோகத் திருகு மற்றொன்று. இவ்விரண்டையும் உள்ளே இணைப்பது மயிரிழை போன்ற அந்த மின்னிழை. மின்கலத்தின் பித்தளைத் தொப்பியிலிருந்து ஈயப் பொட்டுக்கும், அங்கிருந்து இழை வழியே திருகுக்கும், திருகிலிருந்து டார்ச்சின் உடலிலுள்ள தகட்டிற்கும், தகட்டிலிருந்து பின்மூடியின் சுருள்வில்லுக்கும், அதிலிருந்து மின்கலத்தின் அடிப்பாகத்திற்கும் வழி செல்கிறது. மின்கலத்தின் உள்ளே வேதிவினை அவ்வழியை நிறைவு செய்கிறது. நாம் தள்ளும் பொத்தான் செய்வதெல்லாம் இவ்வளையத்தில் ஓரிடத்தைத் துண்டிப்பதும் சேர்ப்பதுமே. எந்த இடத்தில் துண்டித்தாலும் பல்பு அணையும். அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு ஏறினாலும் அணையும். டார்ச்சு எரியவில்லையெனில் அதைத் தரையில் தட்டுவோர், தாம் அறியாமலே, விட்டுப்போன வளையத்தைச் சேர்க்க முயல்கின்றனர்!

இத்தகைய தொடர்ந்த ஓட்டத்தை முதன்முதல் மனிதனுக்கு அளித்தவர் இத்தாலியரான வோல்ட்டா. பொலோஞா நகரின் கால்வானி, இறந்த தவளையின் கால் இரு உலோகங்கள் பட்டதும் துடித்ததைக் கண்டு, உயிர்ப் பொருளிலேயே மின்சாரம் உறைகிறது என்று 1791இல் நூல் வெளியிட்டார். வோல்ட்டா அதை ஏற்கவில்லை. மின்சாரத்தின் பிறப்பிடம் தவளையன்று, இரு வேறு உலோகங்களின் கூட்டமே என்று வாதிட்டார். வெள்ளியும் துத்தநாகமுமான வட்டத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, 1800ஆம் ஆண்டில் தம் அடுக்கை உலகிற்கு அறிவித்தார். தவளை இல்லாமலே மின்சாரம் ஓடிற்று. "வோல்ட்" என்னும் அளவு அவர் பெயரே.

எவ்வளவு அழுத்தத்திற்கு எவ்வளவு ஓட்டம் என்ற கணக்கைக் கண்டவர் ஓர் ஆசிரியர். ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்த ஓம், முன்னர் சேசு சபையார் நடத்திய கொலோன் நகரப் பள்ளியில் 1817 முதல் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். வோல்ட்டாவின் அடுக்கு நிலையாக ஓட்டம் தராது ஏறியும் இறங்கியும் தொல்லை கொடுக்கவே, செம்பும் பிஸ்மத்தும் இணைந்த ஒரு துண்டின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மெல்லிய ஓட்டத்தைப் பெற்றுச் சோதனைகள் நடத்தினார். 1827இல் நூல் வெளிவந்தது. சொந்த நாட்டு அறிஞர் பலர் அதை மதிக்கவில்லை. இலண்டன் அரச கழகம் 1841இல் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே பெருமை வந்து சேர்ந்தது. எளிய ஆசிரியரின் சொல்லுக்குப் பிற நாட்டார் முத்திரை தேவைப்படுவது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று போலும்.

ஓம் கண்ட விதியை நம் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளக்கலாம். தொட்டியின் உயரம் அழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். குழாயில் ஓடும் நீரின் அளவு ஓட்டம், அது ஆம்பியர். குழாயின் குறுக்கம் தடை, அது ஓம். உயரம் கூடினால் ஓட்டம் கூடும். குழாய் குறுகினால் ஓட்டம் குறையும். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். நம் வீட்டு அழுத்தம் 230 வோல்ட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை ஏறத்தாழ 53 ஓம். ஆகவே அதில் 4.3 ஆம்பியருக்குச் சற்றே மிகுதியாக ஓடும். பழைய 60 வாட் குண்டு பல்பில் கால் ஆம்பியர் அளவே. ஆனால் உவமைக்கும் எல்லையுண்டு. குழாயை அறுத்தால் நீர் கொட்டும். கம்பியை அறுத்தால் மின்சாரம் கொட்டுவதில்லை, நின்றுவிடும். பாட்டியின் முதல் வினாவிற்கு முழு விடை இதுவே.

பொத்தானை அழுத்திய கணமே விளக்கு எரிகிறதே, மின்சாரம் அவ்வளவு விரைந்து ஓடுகிறதா? இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. செம்புக் கம்பியினுள் நகர்வன எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள். வீட்டில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரே திசையில் ஓர் ஆம்பியர் ஓடினால், அத்துகள் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஐந்தரை மணி நேரத்திற்கு மேலாகும். எறும்பு அதைவிட விரைவானது! எனினும் விளக்கு உடனே எரிகிறது. ஏனெனில் கம்பி முழுவதும் துகள்கள் முன்னரே நிறைந்திருக்கின்றன. தேர் வடத்தின் ஒரு முனையை இழுத்ததும் மறு முனையில் தேர் அசைகிறதே, அது போன்றது. வடம் மெல்ல நகர்கிறது. இழுப்பு உடனே சென்று சேர்கிறது. நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்திலோ துகள்கள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதோடு சரி. மரம் அறுக்கும் வாளும் முன்பின்னாகத்தானே அசைகிறது? மரம் அறுபடவில்லையா?

அடுத்து, பல விளக்குகளை இணைக்கும் முறைக்கு வருவோம். ஒன்றன்பின் ஒன்றாய், ஒரே வளையத்தில் கோப்பது தொடர் இணைப்பு. ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வளையம் அமைத்து, எல்லாவற்றையும் அதே இரு கம்பிகளில் தொடுப்பது பக்க இணைப்பு. வீடுகளில் இருப்பது பின்னது. ஆகையால்தான் சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து விசிறி நிற்பதில்லை. முன்னதற்குச் சான்று நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் குடிலில் கட்டும் சீரியல் லைட்டு. 6 வோல்ட் பல்புகள் 38ஐ ஒரே சரமாகக் கோத்தால் மொத்தம் 228 வோல்ட். 230 வோல்ட்டை அவை பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் இருளும். எந்தப் பல்பு போயிற்று என்று கண்டுபிடிப்பதற்குள் நடுப்பூசைக்கு மணியடித்துவிடும்.

இங்கே பலரும் அறியாத ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. சரம் இருண்டதும் பிள்ளைகள் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கின்றனர். "ஆறு வோல்ட் பல்புதானே, என்ன செய்துவிடும்?" என்று பெரியவர்களே தைரியம் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எரியும் சரத்தில்தான் ஒரு பல்புக்கு 6 வோல்ட். வளையம் ஓரிடத்தில் அறுந்தாலோ ஓட்டம் நின்றுவிடும். ஓட்டமின்றி மற்றப் பல்புகள் எந்த அழுத்தத்தையும் தாங்கா. ஆகவே 230 வோல்ட்டும் அந்த ஒரு வெற்றிடத்தின் இரு முனைகளுக்கிடையே வந்து நிற்கும். பல்பைக் கழற்றிய துளையில் விரலையோ கம்பியையோ நுழைக்கும் பிள்ளை 6 வோல்ட்டைத் தொடவில்லை; முழு 230 வோல்ட்டைத் தொடுகிறது. இன்று எல்.ஈ.டி. சரங்கள் பெருகிவிட்டன. அவற்றிலும் பல தொடர் இணைப்பாய்க் கோக்கப்பட்டவையே. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகன்றிச் சரத்தில் கை வைத்தலாகாது.

பக்க இணைப்பிற்கும் ஒரு தீங்குண்டு. ஒவ்வொரு கருவியும் தன் பங்கு ஓட்டத்தைக் கேட்க, அனைத்தும் கூடிப் பொதுக் கம்பியில் ஓடும். 6 ஆம்பியர் துளையில் மல்ட்டி பிளக் ஒன்றைச் செருகி, இஸ்திரிப் பெட்டியையும் 1,500 வாட் கெட்டிலையும் ஒருங்கே போட்டால் ஏறத்தாழ 11 ஆம்பியர். ஓட்டம் இரட்டித்தால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் காப்புறை மெல்லக் கருகுவதை எவரும் காண்பதில்லை.

காப்புறை கருகி, போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் நேரே தொட்டுக்கொண்டால் என்னாகும்? இடையில் வேலை செய்யும் கருவி ஏதுமில்லை; தடை அரை ஓம் என்றே கொள்வோம். 460 ஆம்பியர்! கம்பி பழுத்து, கூரை பற்றும். இதைத் தடுக்கவே ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. வளையத்தின் மிக நலிந்த கண்ணி அது. பிற யாவும் பிழைக்கும்படி அது முதலில் உருகி வழியைத் துண்டிக்கும். "அடிக்கடி பீஸ் போகிறது" என்று சலித்து, அங்கே தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைப்போர் உண்டு. ஊருக்கு ஊர் இத்தகைய வல்லுநர் ஒருவர் இருக்கிறார்! அதன்பின் ஃபியூஸ் போகாது, வீடுதான் போகும்.

ஃபியூஸ் வீட்டைக் காக்கும். மனிதரைக் காக்குமா? காக்காது. இதை விளக்கமாகவே சொல்லியாக வேண்டும்.

மின்கம்பியில் குருவி அமர்கிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் உள்ளன; உடல் வழியே சென்று திரும்ப வேறு வழியில்லை. அதே கம்பியை மண்ணில் நிற்கும் மனிதர் தொட்டால் மாண்டு போகிறார். அவர் தொட்டதும் ஒரே கம்பிதானே, வளையம் எங்கே நிறைவுற்றது? மின்மாற்றியில் நியூட்ரல் என்னும் திரும்பும் கம்பியை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் நிற்கும் பூமியே ஒரு கம்பி. பேஸ் கம்பியைத் தொடும் கையிலிருந்து உடல் வழியாக, வெறுங்கால் வழியாக, ஈரத்தரை வழியாக, மண் வழியாக, மின்மாற்றிக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்தே கிடக்கிறது. அந்த வளையத்தில் டார்ச்சுப் பல்பின் இடத்தில் மனிதர் நிற்கிறார். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்றால், ஓடுவது 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு சிறு பகுதியே போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ இது ஒரு குண்டு பல்பு எரிவதாகவே தோன்றும். அது உருகாது.

நம் வீட்டுக் கொல்லைகளில் துணி உலர்த்தும் இரும்புக் கொடிக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு முனை சுவர் ஆணியில். மறு முனை கொட்டகைத் தகட்டிலோ, மின்கம்பி செல்லும் குழாயிலோ. மேலே செல்லும் கம்பியின் உறை வெயிலில் வெடித்து, கொடியில் உரசினால், அக்கொடி வாய் திறவாது காத்திருக்கும். ஈரத் துணியோடும் ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஒரு தாய் வருகிறாள். அவளைக் காப்பாற்ற ஓடிவரும் மகன் அவள் கையைப் பற்றுகிறான். அவனும் அதே வளையத்தில் சேருகிறான். இரும்புக் கொடியை இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். எவரையேனும் மின்சாரம் பற்றிக்கொண்டால், தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். சுவிட்சு பேஸ் கம்பியில் அமையாமல் நியூட்ரலில் அமைந்திருப்பின், விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும் என்பதையும் பல்பு மாற்றுவோர் மறவாதிருப்பாராக.

இதுவரை சொன்னது வீட்டுக் கம்பிகளைப் பற்றியது. தெருவில் உயர்ந்து செல்லும் 11,000 வோல்ட் கம்பிகளின் கதை வேறு. வீட்டு அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 48 மடங்கு அது. அங்கே ரப்பர்ச் செருப்பும் மூங்கிலும் நமக்குக் காவலல்ல. கம்பியைத் தொடாமல் மிக நெருங்கினாலே காற்றைத் துளைத்துக்கொண்டு பாயும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். நம் கதையும் இதுவே. 2025 மார்ச் 1 அன்று குமரி மாவட்டத்து இனயம் புத்தன்துறையில், அந்தோணியார் ஆலயத் திருவிழாப் பணியின்போது உயரமான இரும்பு ஏணி உயரழுத்தக் கம்பியில் பட, 4 பேர் உயிரிழந்தனர். ஏணியைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடியே நகர்த்துவது எவ்வூரிலும் காணும் வழக்கம். சுமப்போர் கண் தரையில் இருக்கும். ஏணியின் உச்சியை எவரும் பார்ப்பதில்லை. ஏணி இரும்பு, கால் மண்ணில், நடுவே மனிதர்: வளையம் நிறைவுறுவதற்கு வேறென்ன வேண்டும்? கொடியேற்றத்திற்கு முன்பே மின் வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேர் செல்லும் நேரத்தில் அத்தெருவின் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்தல் விழாக் குழுவினரின் முதற்கடமை. பட்டாசுக்கும் பந்தலுக்கும் பின்னர் நேரம் ஒதுக்கலாம்.

வீட்டுக் கருவிகளில் மனிதரைக் காக்கும் ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று எர்த் என்னும் நில இணைப்பு. மூன்று முனைப் பிளக்கில் நீண்டும் தடித்தும் இருக்கும் முனை அதற்குரியது. முதலில் அது தொட வேண்டும், கடைசியில் அது விலக வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாக்கினர். கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிந்தால், நம் உடலைவிட எளிய வழியாக இம்முனை அதை மண்ணுக்கு அழைத்துச் செல்லும். கசிவு பெரிதாயின் ஃபியூஸும் உருகும். இரண்டு துளைப் பலகையில் நுழையவில்லையென்று இம்முனையை உடைத்தெறிவோர் எதை உடைக்கிறோம் என்று அறியார். வீட்டுப் புறத்தே உப்பும் கரியும் இட்டுப் புதைத்த எர்த் குழியில் கோடையில் சில குடம் நீர் ஊற்றுவதும் நன்று. உலர்ந்த மண் நல்ல வழியன்று.

மற்றொன்று கசிவுத் துண்டிப்பான், கடைகளில் ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் கேட்டால் தருவர். இது செய்வது பாட்டி கேட்ட அதே கணக்கை. ஒரு கம்பியில் போனது எவ்வளவு, மறு கம்பியில் திரும்பியது எவ்வளவு என்று ஓயாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமெனில் வாளாவிருக்கும். போனதில் 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றுக்கு மூன்று பங்கு, திரும்பாது வேறு வழியில் சென்றால், அது எவரோ ஒருவரின் உடலாக இருக்கலாமெனக் கொண்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வழியைத் துண்டித்துவிடும். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் ஒருங்கே பற்றுவோரை மட்டும் அதனால் காக்க இயலாது. அவரை அது ஒரு விளக்கு என்றே எண்ணும். இக்கருவியின் முகப்பில் "டி" என்று குறித்த ஒரு சிறு பொத்தான் உண்டு. அது வேண்டுமென்றே ஒரு சிறு கசிவை உண்டாக்கிக் கருவியைச் சோதிக்கும். மாதந்தோறும் ஒரு நாள் அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் வீடு இருண்டால் கருவி நலமாயிருக்கிறது. விசையை மீண்டும் மேலே தள்ளிக்கொள்ளலாம். இருளவில்லையெனில் அன்றே மின்பணியாளரை அழையுங்கள்.